மூன்றாம் எண் பொத்தான்

அந்தக் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேரே மாஸ்டர், முதுகு திரும்பினால் விசில். முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். சட்டைப் பையில் சீப்பு வைத்திருந்த பையன்களை வெயிலில் முட்டி போட வைத்த புண்ணியவான். ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடம் ஒரு கைக்கடிகாரம் கொடுத்தது. விசிலை யாரும் கொடுக்கவில்லை, அவரே கொண்டுவந்துவிட்டார். வீட்டிலும் அது கழுத்தில்தான் தொங்கியது. குளியலறையில் மருமகள் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தால் வெளியிலிருந்து ஒரு ஊது. அவர் மனைவி செத்துப்போனபோது, "பாவம், இனிமேலாவது அந்தம்மா நிம்மதியா தூங்கட்டும்" என்றாள் மாடிவீட்டுக்காரி. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சொன்னாள். பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அந்த வருடம் தொலைக்காட்சியில் ஒரு தொடர் வந்தது. எழுபது வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு டாக்டரும் அவருக்கு உதவியாக ஒரு பெண்ணும், ஆணும் பெண்ணும் சேரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். சம்மதித்து வந்தவர்களின் நெஞ்சில் வயரை ஒட்டிவிட்டு, பக்கத்து அறையில் உட்கார்ந்து, எந்திரம் கிறுக்குகிற கோட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் இரவில் வரும். மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடியும் போடுவார்கள்.

குடியிருப்பே இரண்டாகிப் போனது. பார்த்துவிட்டுத் திட்டுகிறவர்கள், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திட்டுகிறவர்கள். மாடிவீட்டுக்காரி "கருமம், கருமம்" என்று தலையில் அடித்துக்கொண்டே ஒரு வாரம்கூட விடவில்லை. மருந்துக் கடைக்காரர் கடையில் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுப் பார்த்தார். சத்தம் இல்லாவிட்டால் பாவம் பாதி என்பது அவர் கணக்கு. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "இருபது வருஷத்துல இப்பத்தான் என் பொண்டாட்டி என்கிட்ட ஒரு கேள்வி கேட்டா. பதில் தெரியலைப்பா."

விசில் ஒரு கண்டனக் குழு ஆரம்பித்தார். தலைவர் அவர், செயலாளர் மருந்துக் கடைக்காரர். தொடரை நிறுத்தச் சொல்லி முன்னூறு கையெழுத்து வாங்கினார்கள். மனுவை விசிலே எழுதினார்: நான்காம் பகுதி, இருபத்திரண்டாம் நிமிடம், பச்சைப் போர்வை விலகும் காட்சி மிகவும் கண்டிக்கத்தக்கது.

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மாஸ்டர், நீங்க பாக்குறதே இல்லைன்னீங்களே?"

"பாத்தவங்க சொன்னாங்க."

"போர்வை பச்சைன்னுகூடவா?"

"மனுன்னா விவரமா இருக்கணும்ய்யா. கையெழுத்தைப் போடு."

விஷயம் என்னவென்றால், விசில் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி வைத்த பெட்டி. அதற்குத் தனியாக ஒரு ரிமோட். மகனுக்கு ஒன்றாம் எண், விசிலுக்கு இரண்டு, மருமகளுக்கு மூன்று. பார்க்க உட்காருகிறவர் தன் எண்ணை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டே இருக்கும், கம்பெனியிலிருந்து மகனுக்குப் போன் வரும்.

மகன் செருப்புக் கிடங்கில் மேற்பார்வையாளன். காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவான். மருமகளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இரவு வேலை. காலையில் வந்து, சமைத்து, துவைத்து, ஒரு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பாள். இரண்டு மணிக்கு விசில் ஜன்னலைச் சாத்துவார், சத்தத்தைக் குறைப்பார், மூன்றாம் எண்ணை அழுத்துவார். முதல் நாள் கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. இரண்டாம் வாரம் அது தானாகவே போய் உட்கார்ந்தது.

திரையில் அந்த உதவிப் பெண், "உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று ஒவ்வொரு பெண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வாள். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் விளக்கையே போடாத மனுஷர், விசிலை வாயில் கவ்விக்கொண்டு, ஊதாமல், அந்தப் பதிலுக்காகக் காத்திருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மருமகள் ஒருநாள் இதைப் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். பெரியவர், போகட்டும் என்று விட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கைச் சரிபார்க்கக் கம்பெனிப் பெண் வந்தாள். மகன் இருந்தான், மருமகள் இருந்தாள், மனுவோடு மருந்துக் கடைக்காரரும் இருந்தார். கம்பெனிப் பெண் தாளைப் பார்த்து, கடையில் சாமான் சீட்டு வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

"மூணாம் நம்பர். பெண், முப்பத்துநாலு வயசு. புதன், வெள்ளி, மத்தியானம் ரெண்டு மணி. அந்த ஆராய்ச்சி சீரியல். ஒண்ணுகூட விடலை. சரிதானே மேடம்?"

"நான் இல்லைங்க. அந்நேரம் நான் தூங்குவேன்" என்றாள் மருமகள். "மாமாதான் பாப்பாரு. நான் கண்ணால பாத்தேன்."

மருந்துக் கடைக்காரர் கண்ணாடியை மறுபடி ஏற்றி விசிலைப் பார்த்தார். விசிலுக்கு முன்னூறு கையெழுத்தும் ஒரே நேரத்தில் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், மருமகள் தப்பித்துவிடுவாள். அவர் வேறு வார்த்தை சொன்னார்.

"பெரியவங்க மேல பழி போடவும் அந்த சீரியல்லதான் சொல்லித் தர்றாங்களாம்மா?"

"மாமா, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க."

விசில் மகன் பக்கம் திரும்பினார். "மத்தியானத்துல உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும்டா. உள்ள யாரு, என்னன்னு நான் தட்டிப் பாத்தது கிடையாது. ஒழுக்கமா வளந்தவன் நான்."

தொலைக்காட்சி முன்னறையில் இருக்கிறது, கதவு சாத்தியிருந்தது உள்ளறை என்பது அங்கே ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. கதவு என்ற ஒன்றே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

"யார்கூட உக்காந்து பாத்தடீ?" என்றான் மகன்.

மருமகள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ராத்திரி பூரா ஊராரு ரத்தத்தை உறிஞ்சி எடுத்துட்டு வர்றேன். என் ரத்தத்தை இந்த வீட்டுல எடுக்குறீங்க." அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் தடுக்கவில்லை. மறுநாள் கம்பெனிக்குப் போன் பண்ணி மூன்றாம் எண்ணை எடுத்துவிடச் சொன்னான். குழுக் கூட்டத்தில் விசிலுக்குக் கைதட்டல். சொந்த மருமகளையே விட்டுவைக்காத நேர்மை என்றார்கள்.

புதன்கிழமை இரண்டு மணி. வீடு காலி. ஜன்னல் சாத்தியாயிற்று. சிவப்பு விளக்கு துடிக்கிறது. மூன்றை அழுத்தினார், விளக்கு அடங்கவில்லை. தன்னுடைய இரண்டை அழுத்த விரல் வரவில்லை. ஓரத்தில் விருந்தாளிக்கென்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். ஆணா பெண்ணா என்று கேட்டது. ஆண் என்றால் தன்மேல் சந்தேகம் வருமே என்று பெண்ணைத் தட்டினார். வயது கேட்டது. அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே போய், முப்பத்தைந்தில் விட்டார். விளக்கு சாந்தமாகப் பச்சையானது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆறு வாரம் கழித்து, சான்றிதழ்களையும் வேலைச் சீருடையையும் எடுத்துப்போக மருமகள் வந்தாள். மகன் அதற்காக லீவு போட்டிருந்தான். "எதை எடுத்துட்டுப் போறான்னு நாலு பேரு பாக்கட்டும்" என்று விசில் மருந்துக் கடைக்காரரையும் வரவழைத்திருந்தார். மாடிவீட்டுக்காரி அழைக்காமலே வாசலில் நின்றாள். அந்த நேரத்தில் கம்பெனிப் பெண்ணும் வந்து சேர்ந்தாள்.

"சார், உங்க வீட்டுக்கு ஒரு விருந்தாளி வர்றாங்க. பெண், முப்பத்தஞ்சு வயசு. புதன், வெள்ளி, மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு. ஆறு வாரமா தவறலை. இங்கேயே தங்குறாங்கன்னா மூணாம் நம்பரை அவங்களுக்குக் குடுத்துடலாமான்னு கேக்க வந்தேன்."

மாடிவீட்டுக்காரி வாசலிலிருந்து உள்ளே வந்துவிட்டாள். "அதான் மத்தியானமானா ஜன்னலைச் சாத்துறாரா!"

"அப்பா, யாரு அது?" என்றான் மகன்.

விசில் ரிமோட்டைத் தூக்கிக் காட்டினார். "யாரும் வரலைடா. நான்தான். நான்தான் அந்த சீரியலைப் பாத்தேன். பொம்பளைன்னு சும்மா அழுத்திட்டேன்."

அறுபத்துமூன்று வயதில் அவர் மனசாரச் சொன்ன முதல் உண்மை. மருந்துக் கடைக்காரர் மனுக் கட்டை மேஜைமேல் வைத்தார். "மாஸ்டர், ஒரு அசிங்கத்தை மறைக்க இப்படியா? அந்த சீரியலை நிறுத்த நாயா அலைஞ்ச ஆளு நீங்க. அதைப் போய் நீங்க பாத்தீங்கன்னா சின்னக் குழந்தைகூட நம்பாது."

"அம்மா செத்து ரெண்டு வருஷம்கூட ஆகலையேப்பா" என்றான் மகன்.

விசில் மருமகளிடம் போனார். கழுத்து விசில் சட்டைப் பொத்தானில் மாட்டி இழுத்தது. "நீயே சொல்லும்மா. அன்னிக்குத் தண்ணி குடிக்க வந்தப்ப நீதான் பாத்தியே. நான் தனியா உக்காந்திருந்ததைச் சொல்லும்மா."

அவள் சீருடையை மடித்துப் பையில் வைத்து, சான்றிதழ்களை அதன்மேல் வைத்து, ஜிப்பை ஓரம்வரை இழுத்தாள்.

"எனக்கென்ன மாமா தெரியும்? நான்தான் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தேனே."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கம்பெனிப் பெண்ணுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. பேனா மூடியைக் கழற்றினாள்.

"பேரு மட்டும் சொல்லுங்க சார். வயசு எங்ககிட்ட இருக்கு."