வெடிக்காத படகு

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பெரிய ற எங்கே வரும், சின்ன ர எங்கே வரும் என்பது இன்றுவரை எனக்குக் குத்துமதிப்புதான். எழுதுவதும் என் மனைவியின் அளவு நோட்டின் பின்பக்கத்தில். தாளைத் திருப்பினால் யாருடைய ஜாக்கெட் கை அளவோ இருக்கும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் படித்தால் போதும். தப்புகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டி வந்ததற்கு ஒரே காரணம், படகு வெடிக்கவில்லை.

டீக்கடையில் வெடித்தது என்கிறார்கள். நான் வேலை செய்யும் ராயபுரம் லேத்துப் பட்டறையில் வெடித்தது என்கிறார்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்து விரல்களை எண்ணியே பார்த்துவிட்டார். பத்தும் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வெடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் வீட்டில் அப்பா, அண்ணன்கள் எல்லாரும் காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போனவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டதும் என்னையும் மூன்று முறை கூட்டிப்போனார்கள். மூன்று முறையும் கரையை விட்டதிலிருந்து திரும்பும்வரை வாந்தி. நான்காவது முறை யாரும் கூப்பிடவில்லை. படகுகளுக்கு இரும்புச் சாமான் கடைந்து தரும் பட்டறையில் விட்டார்கள். இன்றும் அதே வேலைதான். படகு எனக்குப் பிடிக்கும், ஏறத்தான் பிடிக்காது. அதனால் நான் ஏற வேண்டாத அளவில் படகு செய்ய ஆரம்பித்தேன்.

நான் செய்தது நீராவிப் படகு. இரண்டடி நீளம், தகரத்தில் உடம்பு. நடுவில், காயலான் கடையில் கிடைத்த மணிக்கட்டு கனச் செம்புக் குழாயில் பாய்லர். பாய்லருக்குக் கீழே ஒரு ஸ்பிரிட் விளக்கு. தண்ணீர் கொதித்து ஆவி சின்னப் பித்தளை சிலிண்டருக்குள் போகும். சிலிண்டர் அச்சைச் சுழற்றும். அச்சின் இரண்டு முனையிலும், படகின் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக, துடுப்புச் சக்கரம். சக்கரம் தண்ணீரைத் தள்ளும், படகு போகும். இவ்வளவுதான். கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். பேட்டரி மோட்டார் போட்டால் பிச்சிக்கினு போகுமே, இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? மோட்டார் போட்டால் கடைக்காரர் மோட்டார் போகும், அதில் நான் செய்தது என்ன இருக்கிறது என்பது என் பதில். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரைப் பாய்லரில் ஊற்றினால் பத்து நாளில் உள்ளே உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லை. அதற்காக மருந்துக் கடைக்குப் பின்னால் சந்தில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அங்கே எதற்கு நிற்கிறான் என்று போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்ப்பார்கள். ஸ்பிரிட் வாங்குவது அதைவிட மோசம். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி முதல் தடவையே, "பாலிஷ் வேலையா தம்பி?" என்று கேட்டார். குடிக்க வாங்குகிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் தலையாட்டினேன். அன்றிலிருந்து நான் பாலிஷ்காரன். ஒரு நாள் அவர் வீட்டுக் கதவுக்குப் பாலிஷ் போட வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, தெரியாத வேலையைச் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னது இன்னும் எரிச்சல்.

இதெல்லாம் நான்கு வருடம் நடந்தது எங்கள் வீட்டின் ஒரே ஜன்னலுக்குக் கீழே உள்ள மூலையில். வீடு என்பதே ஒரு அறையும் சமையல் இடமும்தான். மனைவி ஜாக்கெட் தைப்பவள். வண்ணாரப்பேட்டையில் மொத்தக் கடை ஒன்று அவளுக்கு நைட்டி ஓரம் அடிக்கும் வேலை தருவதாகச் சொன்னது. அதற்கு ஓவர்லாக் மெஷின் வேண்டும், மெஷினுக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் என் மூலையில்தான் இருந்தது. அவள் கேட்டது நியாயம். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

சண்டை போடவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்தாய்யா, அது ஒரு வாட்டி, ஒரே வாட்டி, ஆத்துல இக்கரைலேர்ந்து அக்கரைக்குப் போச்சின்னா மூல உன்து. போவலன்னா என் மெஷினுக்கு. நானே வந்து பாக்கறேன்."

தலையாட்டினேன்.

அவள் தம்பி நெட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். அங்கே ஆற்றில் ஒரு கிளை உள்ளே ஒதுங்கி வரும். அலை இல்லை, அகலமும் ஒரு சின்னத் தெரு நீளம்தான். கடல் ஏற்றம் இறக்கம் இல்லாமல் தண்ணீர் நிற்கிற நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னான். போனோம். தூரத்தில் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், கரையெல்லாம் சாம்பல் சேறு. ஒரு தடவை கடக்க எவ்வளவு ஸ்பிரிட் வேண்டும் என்று வீட்டுத் தொட்டியில் ஓட்டி அளந்து, இரண்டு தடவைக்கு மட்டும் கொண்டுபோயிருந்தேன். யாரும் இல்லாத இடமாக இருக்கும் என்று நினைத்தது என் முட்டாள்தனம். மச்சினன் குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து படகைச் சுற்றிப் பார்த்தார். பூசை போட்டாச்சா என்றார். இல்லை என்று மச்சினன் சொன்னான். பூசை போடாத படகை இந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது என்றார் அவர். இது வெறும் விளையாட்டுச் சாமான் என்று யாரோ சிரித்தார்கள்.

"தம்மாத்துண்டு இருந்தா இன்னா, படகு படகுதான்," என்றார் பெரியவர்.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. நான்கு வருடத்தில் அதைப் படகு என்று முதலில் சொன்னவர் அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். மச்சினன் பெண்டாட்டி தட்டு கொண்டுவந்தாள். பாய்லருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். கடைசியில் மச்சினன் ஒரு முழம் மல்லிகையை எடுத்து முன் முனையில் கட்டினான்.

நார் நனைந்தால் தொங்கும், தொங்கினால் சக்கரத்தில் போகும். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. இது ஒரு லேத்துக்காரனுக்குத் தெரியாமல் இருக்குமா? சுற்றுகிற சாமான் பக்கத்தில் நூல் வரக் கூடாது என்பது முதல் நாள் பாடம்.

"அந்தப் பூ..." என்று ஆரம்பித்தேன்.

"பத்தலையா மாமா?" என்று மச்சினன் இன்னொரு முழத்தையும் சுற்றினான்.

எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் கும்பிட்டேன்.

விளக்கைப் பற்றவைத்தேன். தண்ணீர் கொதித்து ஆவி ஏறும்வரை காத்திருந்து, சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டேன். தையல் மெஷின் மெதுவாக ஓடுவது போல ஒரு சத்தத்தோடு படகு கரையை விட்டுக் கிளம்பியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். நேராகப் போனது. அது எவ்வளவு நேராகப் போனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. என் மனைவி பக்கத்தில்தான் நின்றாள். அவளைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, பார்க்கவில்லை.

பாதி ஆற்றில் பூ நனைந்து பக்கவாட்டில் சரிந்தது. இடது சக்கரம் அதைப் பிடித்தது. மூன்று சுற்று, நான்கு சுற்று, அவ்வளவுதான். அச்சு நின்றுவிட்டது. சக்கரம் நின்றது விளக்குக்குத் தெரியாது. அது எரிந்துகொண்டே இருந்தது. ஆவிக்குப் போக வழி இல்லை. அதற்காகத்தான் பாய்லர் தலையில் நான் ஒரு சேப்டி வால்வு வைத்திருந்தேன். அழுத்தம் அதிகமானால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும். திறந்தது. பெரிய சீறலோடு வெள்ளையாக ஆவி கிளம்பிப் படகையே மறைத்தது.

கரையில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் வெடித்துவிட்டது என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அன்றைக்கு அந்தப் படகில் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்த ஒரே சாமான் அந்த வால்வுதான். அதைத்தான் எல்லாரும் வெடித்தது என்கிறார்கள்.

ஆவி போய்க்கொண்டே இருந்தால் தண்ணீர் வற்றும். வற்றிய பாய்லருக்குக் கீழே தீ எரிந்தால் ஒட்டு வைத்த இடமெல்லாம் உருகிவிடும். நான்கு வருடம் போய்விடும். மச்சினனின் பைபர் படகில் ஏறிவிட்டேன். ஏறியிருக்கிறேன் என்பதே கரையை விட்டுத் தள்ளிய பிறகுதான் தெரிந்தது. எனக்கு முன்னால் மனைவி உட்கார்ந்திருந்தாள். மச்சினன் கழி போட்டுத் தள்ளினான்.

போய் விளக்கை ஊதி அணைத்தேன். அவள் முந்தானையால் பிடித்துப் படகைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அச்சை உற்றுப் பார்த்தாள். பிறகு பர்சைத் திறந்து, எப்போதும் கூடவே வைத்திருக்கும் நூல் வெட்டுகிற குட்டிக் கத்தரியை எடுத்தாள். மெஷினில் நூல் சிக்கினால் எடுப்பது போலவே, ஒவ்வொரு சுற்றாக வெட்டி, கசங்கிய பூவோடு நாரை உருவிப் போட்டாள்.

"இது சிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"நாலு வருஷம் உக்காந்து இம்மாம் வேலையும் செய்யத் தெரியுது. பூ வேணாம்னு ரெண்டு வார்த்த சொல்லத் தெரியலயே உனக்கு."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாந்தி வந்துவிட்டது. தண்ணீர் துளிகூட அசையவில்லை. இருந்தாலும் வந்தது.

கூடவே கொண்டுவந்த பாட்டில்களிலிருந்து பாய்லருக்குத் தண்ணீரும் விளக்குக்கு மீதி ஸ்பிரிட்டும் ஊற்றினேன். படகில் ஏறிய அவசரத்தில் ஸ்பிரிட் கொஞ்சம் கொட்டியிருந்தது. இங்கிருந்தே விட்டால் பாதித் தூரம்தானே என்றான் மச்சினன். கரையிலிருந்துதான் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படகைத் திருப்பினான்.

கரையில் பெரியவர் புதுப் பூவோடு நின்றார். எல்லாரும் திரும்பவும் கூடியிருந்தார்கள். மனைவி என்னையே பார்த்தாள்.

"பூ வேணாம்," என்றேன்.

"இன்னாது?"

"பூ வேணாம். சக்கரத்துல சிக்குது."

"வேணாமா? செரி," என்றார் பெரியவர். பூவைத் தோளில் போட்டுக்கொண்டு வலை பின்னப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இதற்காக நான் பட்ட பாடு. அன்றைக்கு முழுக்க எனக்கு வந்த எரிச்சலில் பெரிய எரிச்சல் அந்த "செரி"தான்.

படகு திரும்பவும் போனது. பாதியைத் தாண்டியது, முக்காலைத் தாண்டியது. அக்கரைச் சேற்றுக்கு இரண்டு பைபர் படகு நீளம் இருக்கும்போது ஸ்பிரிட் தீர்ந்தது. சக்கரம் இன்னும் மூன்று சுற்றுச் சுற்றி நின்றது. காற்று அடித்தால் போய் ஒட்டிவிடும் என்று எல்லாரும் பார்த்தோம். காற்று அடிக்கவில்லை. போனதாகவே வைத்துக்கொள்ளலாம் அக்கா என்றான் மச்சினன்.

"போவலையேடா," என்றாள் அவள்.

போகவில்லைதான். மூலை அவளுக்கு. ஆனால் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் படகை என்னிடம் கொடுக்காமல் அவளே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து முதலில் மூலையை அளந்தாள், பிறகு படகை அளந்தாள். மெஷின் மேஜையின் கால்களுக்கு நடுவில் அது நுழையும் என்று சொன்னாள். பெடலுக்கு இடைஞ்சல் வராமல் ஓரமாக.

இப்போது மெஷின் அங்கே ஓடுகிறது. படகு அதன் கீழே இருக்கிறது. நைட்டி வெட்டு நூலும் பஞ்சும் நாள் முழுக்க அதன்மேல் விழுகிறது. தினமும் வேலை விட்டு வந்து அச்சில் சுற்றிய பஞ்சை எடுப்பதே எனக்கு ஒரு வேலை. அவளிடம் ஒரு துணி போட்டு மூடச் சொன்னேன். வாயைத் திறந்துதான் சொன்னேன். சரி என்றாள். இன்னும் மூடவில்லை. அண்ணாச்சியிடம் மட்டும் உண்மையைச் சொல்லவில்லை. ஜன்னலுக்கும் பாலிஷ் போட்டுத் தரக் கேட்டிருக்கிறார். அடுத்த தடவைக்கு ஸ்பிரிட் வேண்டுமே.

வெடித்தது என்று சொல்பவர்களிடம் சொல்ல முடியாவிட்டால் எழுதிக் கொடு, தண்ணீர் லாரி வரிசையில் நானே படித்துக் காட்டுகிறேன் என்றாள் மனைவி. அதனால் எழுதிவிட்டேன். ஐப்பசி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.