கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு மொட்டை

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் கடைக்குட்டியிலிருந்து தொடங்கும். கடைக்குட்டி நான்தான். எனக்குப் பிறகு அண்ணன்கள் இருவர், பிறகு அம்மா, கடைசியாக நைனா. பெரியவர்கள் வாயைத் திறப்பதற்குள் எனக்கு வேண்டியதையெல்லாம் நான் கேட்டு முடித்திருப்பேன். முதலில் நிற்பவளுக்கு முதலில் கிடைக்கும் என்பது ரேஷன் கடை நியாயம். பரலோகத்தில் அந்த நியாயம் செல்லவில்லை. காணாமல் போன சாம்பல் பூனை திரும்பி வரவேண்டும் என்று கேட்டேன், வரவில்லை. பெரிய அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன், அவன் முன்னைவிடச் சத்தமாகப் பாடினான்.

கிறிஸ்துமஸ் தாத்தா அப்படியில்லை. முந்தின வருஷம் ரப்பர் பந்து வேண்டும் என்று அடுப்படியில் நின்று அம்மாவிடம் முணுமுணுத்ததோடு சரி. பண்டிகைக்கு முந்தின நாள் கோயில் மைதானத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் தாத்தா என் கையில் பந்தைக் கொடுத்தார், அதுவும் பச்சைப் பந்து. நான் நிறத்தைக்கூட ஒருமுறைதான் சொல்லியிருந்தேன். எட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு விசுவாசம் வர இதைவிட என்ன வேண்டும்?

சித்தூரில் எங்கள் சபைக்கென்று ஒரு தாத்தா வேஷம் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரைசாணி விட்டுச்சென்ற சிவப்புத் திரைச்சீலையில் தைத்த அங்கி, ரோஜாக் கன்னம் வைத்த முகமூடி, தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சில் தாடி. தாத்தா ஜட்கா வண்டியில் வந்து இறங்குவார், ஆடுவார், பிள்ளைகளைத் துரத்துவார், பரிசு கொடுப்பார். ஆனால் ஒரு வார்த்தை பேசமாட்டார். நீங்கள் தமிழா தெலுங்கா என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்விக்கு ஆளாகாத ஒரே மனிதர் அவர்தான். அங்கிக்குள் இருந்தது என் மாமா என்பதும், வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்பதும் எங்களைத் தவிர ஊருக்கே தெரியும்.

மாமாவுக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. சித்தூரிலிருந்து திருத்தணிக்கும், திருத்தணியிலிருந்து சித்தூருக்கும் போய் வருவார். டிக்கெட் கிழிப்பதைவிடக் கதை கட்டுவதில் கெட்டிக்காரர். திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, நாம் ஆந்திராவில் இருக்கிறோம், நடுவில் புது எல்லை வருகிறது என்று பெரியவர்கள் இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லை என்றால் என்ன மாமா என்று கேட்டது நான் செய்த தப்பு.

“எல்லை போட்டுட்டாங்கன்னா அவ்ளோதான். உங்க பெரியம்மா அந்தாண்ட, நீ இந்தாண்ட. என் பஸ்ஸு நடுவுல நிக்கும். நீ இந்த ஜன்னல்ல எட்டிப் பாரு, அவ அந்த ஜன்னல்ல எட்டிப் பாப்பா. டாட்டா காட்டிக்கினு வீட்டுக்குப் போயிடணும்” என்றார்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரியம்மா திருத்தணியில் பெண்கள் பள்ளிக்கூடத்து டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஆளும் உயரம், குரலும் கனம். அவள் வந்தால்தான் எங்களுக்குப் பண்டிகை. முறுக்குப் பிழிவதும், எங்கள் எல்லோருக்கும் தலைக்கு எண்ணெய் வைத்துத் தேய்ப்பதும், அம்மாவை உட்கார வைத்துக் காபி கொடுப்பதும் அவள்தான். அவள் மடியில் மற்றவர்கள் யாருக்கும் இடமில்லை என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அப்படிப்பட்டவளை ஜன்னல் வழியாகப் பார்த்து டாட்டா காட்டவேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெண் திருப்பதிக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மொட்டைத் தலை நிறையச் சந்தனம் பூசியிருந்தாள். அவளுடைய தம்பிக்கு இறங்காத காய்ச்சல் இறங்கியதற்காக நேர்ந்துகொண்ட மொட்டை. என் துக்கத்தைச் சொன்னதும் பெரிய மனுஷிபோல் விளக்கினாள்.

“சாமிகிட்ட சும்மா கேட்டா குடுப்பாரா? இன்னா தருவேன்னு சொல்லிட்டுக் கேக்கணும்.”

“எங்க கோயில்ல சும்மாவே கேக்கலாம்” என்றேன்.

“நிஜங்கா? கேட்டது எதுனா குடுத்தாரா?”

எனக்குச் சாம்பல் பூனை நினைவுக்கு வந்தது.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நம்முடைய ஆண்டவர் முடி கேட்கிறவர் அல்ல என்று ஞாயிறு பள்ளியில் திட்டவட்டமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதையும் வாங்கிக்கொள்ளாதவரிடம் எப்படிப் பேரம் பேசுவது? இரண்டு நாள் யோசித்ததில் வழி பிறந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா முடி கேட்கமாட்டார் என்று யாரும் சொல்லவில்லையே! கேட்டதும் கொடுக்கிறவர், சொன்ன நிறத்திலேயே கொடுக்கிறவர். என் முடி அப்போது இடுப்பைத் தொடும். அம்மா அதற்காகவே செம்பருத்தி இலை அரைப்பாள். கொடுப்பதற்கு என்னிடம் இருந்ததில் அதுதான் உசத்தி.

அன்று மாலை குடும்ப ஜெபத்தில் பெரியம்மா வரவேண்டும் என்று உருகி உருகிக் கேட்டேன். “இயேசுவின் மூலம் ஜெபம் கேளும்” என்று முடிக்கவேண்டிய இடம் வந்தது. காரியம் கெட்டுவிடக்கூடாது என்ற பதற்றத்தில், “கிறிஸ்துமஸ் தாத்தா மூலம் ஜெபம் கேளும் எங்கள் ஜீவனுள்ள நல்ல பிதாவே, ஆமென்” என்று முடித்தேன்.

அண்ணன்கள் பாயில் உருண்டார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். நைனா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், கண்டிப்பானவர். தன் முறை வந்தபோது அவர் குரல் நடுங்கியது. பக்தி என்று நினைத்தேன், சிரிப்பை அடக்கியிருக்கிறார். எழுந்தபிறகு என் தலையில் கைவைத்து, “ஆண்டவர்கிட்ட நேரா கேளும்மா. வேற ஆளு எதுக்கு?” என்றார். நேராகக் கேட்டவைதானே இன்னும் வராமல் இருக்கின்றன என்று சொல்ல நாக்கு துடித்தது. இன்னொரு கிள்ளு வாங்கத் தெம்பில்லை.

பெரியம்மா எப்போதும் பண்டிகைக்குச் சில நாள் முன்பே வந்துவிடுவாள். அந்த வருஷம் முந்தின நாள் வரையில் வரவில்லை. அம்மா தனியாக முறுக்குப் பிழிந்தாள், அத்தனையும் கோணல். மாமாவையும் காணவில்லை. எல்லையைப் போட்டுவிட்டார்கள், பஸ் நடுவில் நின்றுவிட்டது, பெரியம்மா அந்தப் பக்கத்து ஜன்னலில் நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது. வீட்டில் ஒருவரும் அழாதது ஆச்சரியமாக இருந்தது.

மாலையில் கோயில் மைதானத்தில் பிள்ளைகள் கூடினோம். சவுக்குக் கிளையில் காகிதப் பூக்கள் கட்டி மரம் நட்டிருந்தார்கள். ஜட்கா வந்தது. தாத்தா இறங்கினார். அந்த வருஷத்துத் தாத்தாவிடம் ஏதோ மாற்றம் தெரிந்தது. ஆடவில்லை. யாரையும் துரத்தவில்லை. இறங்கியதும் இறங்காததுமாகக் கையைத் தட்டி எங்களை உயரவாரியாக வரிசையில் நிறுத்தினார். முண்டியடித்த என் சின்ன அண்ணனைக் காதைப் பிடித்துக் கடைசியில் கொண்டுபோய் விட்டார். மூக்கொழுகிய ஒரு குழந்தைக்கு அங்கி நுனியால் மூக்கைத் துடைத்துவிட்டு, அதன் பிறகே பரிசைக் கொடுத்தார். தாத்தாவுக்கு வயதாகிப் பொறுப்பு வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

என் முறை வந்தது. அவர் பொம்மையை நீட்டினார். நான் வாங்கவில்லை. அங்கியைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, முகமூடியின் காது இருக்கும் இடத்தில் வாயை வைத்துச் சொன்னேன்.

“தாத்தா, எனக்குப் பொம்ம வாணாம். எல்லைய எடுத்துட்டு எங்க பெரியம்மாவ மட்டும் இந்தாண்ட வுட்டுடுங்க. ஜன்னல் வழியா பாக்க என்னால முடியாது. அவங்க வந்துட்டாங்கன்னா உங்களுக்கு மொட்ட போட்டுக்கிறேன். சத்தியம்.”

தாத்தா குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். எனக்குப் பின்னால் நின்ற பிள்ளைகள் நெட்டித் தள்ளினார்கள். அவர் தோள் குலுங்கியது. நேர்த்திக்கடனைக் கேட்டுச் சிரிக்கிறார் போலிருக்கிறது, பக்கத்து வீட்டுப் பெண் சாமி இப்படிச் சிரித்ததாகச் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு பார்த்தேன், முகமூடிக்குக் கீழே தாடி நனைந்து பஞ்சு திரிதிரியாகத் தொங்கியது. அவர் பொம்மையை என் கையில் திணித்துவிட்டு, என் பின்னலை ஒருமுறை தொட்டுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் பெரியம்மா!

நான் போட்ட கூச்சலில் பால் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. பொம்மை எங்கே விழுந்தது என்று தெரியாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். அவள் கண் சிவந்திருந்தது. காதோரத்தில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. எடுத்து நீட்டினேன்.

“பஸ்ஸுல எவனோ பஞ்சு மூட்டைய ஏத்திக்கினு வந்தான்” என்றாள் பெரியம்மா.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியானால் பஸ் ஓடுகிறது, எல்லையை எடுத்துவிட்டார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுறுக்காக வேலை செய்கிறவரைப் பிடித்ததற்காக என்னையே மெச்சிக்கொண்டேன். மாமா காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்ற செய்தி எனக்குப் பெரிதாகப் படவில்லை. எல்லையைப் பற்றி அப்படிப் பேசியவருக்கு நன்றாக வேண்டும்.

தாத்தா யார் என்பது எனக்குத் தெரியவர நாலைந்து வருஷம் ஆயிற்று. ஒரு நாள் ஏதோ பேச்சுவாக்கில் அம்மாதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் வேலை முடிந்து பெரியம்மா அன்று மத்தியானம்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாளாம். காய்ச்சலில் மாமா நிற்கமுடியாமல் தள்ளாட, அங்கிக்கேற்ற உயரம் அவளுக்குத்தான் இருந்தது என்று வீட்டுக்குக்கூட விடாமல் நேராகக் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவளுக்கு மாட்டிவிட்டார்களாம். எல்லாம் முடிந்து கோயில் பின்னறையில் முகமூடியைக் கழற்றியவள் பெஞ்சில் உட்கார்ந்து, “எல்லாரும் எங்கிட்டதான் எதுனா கேப்பாங்க. நானே வேணும்னு சாமிகிட்ட இன்னிக்கு ஒருத்தி கேட்டாடி” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அழுதாளாம்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தாத்தா போய்விட்ட வருத்தம் துளியும் வரவில்லை. ஆண்டவரிடம் இருந்த பழைய மனத்தாங்கல்தான் கொஞ்சம் குறைந்தது. பெரியம்மா வேண்டும் என்று பெரியம்மாவிடமே கேட்டிருக்கிறேன். குனிந்து கேட்டவள் வாய் திறக்க முடியாமல் எனக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பேசாதவர்கள் எல்லாம் கேட்காதவர்கள் என்று அதற்குப் பிறகு என்னால் நினைக்க முடிந்ததில்லை. எல்லையும் கடைசியில் வரத்தான் வந்தது. மாமாவின் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க ஜன்னலில் தலையை நீட்டுவேன். வேர்க்கடலைக் காடுதான் தெரியும். எங்கே மாமா எல்லை என்று கேட்டால், அது எப்பவோ போயிடுச்சே என்பார். கண்ணால் பார்க்காத ஒன்றைப் பெரியவர்கள் இவ்வளவு உறுதியாக நம்புகிறார்களே என்று இருக்கும்.

ஆனால் இதெல்லாம் பின்னால் வந்த புத்தி. அந்தக் கிறிஸ்துமஸ் காலையில் எனக்கு இருந்தது ஒரே கவலை. சத்தியம் செய்தாயிற்று, தாத்தா தன் பங்கை முடித்துவிட்டார். கண்ணாடி முன் உட்கார்ந்து கடைசித் தடவையாக முடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பெரியம்மா சீப்போடு வந்து பின்னால் உட்கார்ந்தாள்.

“தாத்தாவுக்கு மொட்டையெல்லாம் வாணாமாம். நல்லா ரெட்டப் பின்னல் போட்டுக்கினு கோயிலுக்கு வரச் சொன்னாரு” என்றாள்.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். “உங்களுக்கு யாரு சொன்னது?”

“அவருதான்.”

“அவரு பேசமாட்டாரே?”

“எங்கிட்ட பேசுவாரு.”

எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இருந்தாலும் முடி தப்பியதே, மேற்கொண்டு கேட்கவில்லை. பெரியம்மா பின்னத் தொடங்கினாள். மற்ற நாட்களில் மளமளவென்று பின்னி முடித்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புகிறவள், அன்று பின்னினாள், அவிழ்த்தாள், விரலால் கோதினாள், மறுபடி முதலிலிருந்து பின்னினாள். பெரியம்மாவுக்கும் வயதாகிவிட்டது, கை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கோயிலில் முதல் மணி அடித்தது. “சீக்கிரம் பெரியம்மா, இடம் கிடைக்காது” என்று தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.