நாற்பத்து மூன்று கையொப்பங்கள்

கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் இருக்கும் தங்கள் சபையில், இந்த நூற்றைம்பது வருடத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தனக்குத் தெரியும் என்று ஐறீன் சொல்லித் திரிந்தாள். நெருக்கிக் கேட்டால், “ஒவ்வொருத்தரும் எண்டது கொஞ்சம் கூடிப்போச்சு. செத்தவையில அரைவாசிப் பேர் எண்டு வையுங்கோ” என்று இறங்கி வருவாள்.

கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்து நாலு வருடம் கிளார்க்காக இருந்தவள். தொலைந்த பெட்டியை அவள் துறைமுகத்தில் தேடமாட்டாள். காகிதத்தில் தேடுவாள், கண்டும் பிடிப்பாள். அப்படிப்பட்டவளை ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க விடுவார்களா? நூற்றைம்பதாவது ஆண்டு மலருக்குச் சபையின் வரலாற்றை எழுதும் வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

பதினொரு மாதம் போயிற்று. பழைய பதிவேடுகளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. மீதியை ஒரு போதகரின் கையெழுத்தே தின்றிருந்தது. போதாததற்கு வாட்ஸ்அப்பில், “எங்கட தாத்தா வாங்கித் தந்த ஹார்மோனியத்தை விட்டிடாதேங்கோ” என்று ஒவ்வொரு குடும்பத்திடமிருந்தும் ஒரு செய்தி. அத்தனையையும் நம்பினால் சபைக்கு ஒன்பது ஹார்மோனியம் வந்திருக்கவேண்டும். இருப்பது ஒன்று. அதிலும் இரண்டு கட்டை பேசாது.

இவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். மலர்க்குழுத் தலைவர் ஹியூபேட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. அவருடைய அப்பப்பா சவுந்தரநாயகத்தின் கையொப்பம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பதிவேட்டில் ‘ஞானத்தகப்பன்’ என்ற இடத்தில் நாற்பத்து மூன்று தடவை இருந்தது.

“நாப்பத்து மூண்டு ஆத்துமா, அக்கா. தனி ஆளா நிண்டு சபைக்கு ஆதாயப்படுத்தியிருக்கிறார். முழுப்பக்கம் வேணும். மேல ‘சுவிசேஷகர்’ எண்டு போடுங்கோ.”

ஐறீன் பழக்கதோஷத்தில் இன்னொரு காகிதத்தை இழுத்தாள். அந்தக் காலத்துக் கூட்டக் குறிப்பில் சவுந்தரநாயகம் மணி அடிக்கவும் கோயில் கூட்டவும் விளக்கேற்றவும் அமர்த்தப்பட்டவர் என்று இருந்தது. அந்த நாற்பத்து மூன்று பேரும் முகத்துவாரத்தில் வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில் இருந்த துறைமுகக் கூலிகள். யாருக்கு ஞானஸ்நானம் என்றாலும் சபை அங்கத்தவர் ஒருவர் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்பது விதி. ஆளில்லாதவர்களுக்கு, எப்போதும் அங்கேயே இருந்த மணிக்காரர் நின்றிருக்கிறார். இதை அவள் ஒரு பக்கத்தில் எழுதினாள். மலர் முழுவதிலும் அவளுக்குப் பிடித்த பக்கம் அது ஒன்றுதான். ஹியூபேட் மூன்று தடவை அதைக் குறுக்கே கோடிழுத்துத் திருப்பி அனுப்பினார்.

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். சனிக்கிழமை கோயிலுக்குப் பின்னால் உள்ள மண்டபத்தில் கடைசிக் கூட்டம். போதகர் ஜொனாதனும், மாதர் சங்கச் செயலாளர் முகத்துவாரம் சீனியம்மாவும் வந்திருந்தார்கள்.

“கோயில் கூட்டினவர் எண்டு அச்சிலயே போடப்போறீங்களோ? மகள் கனடாவில இருந்து சம்பந்தி ஆக்களோட வாறாள்” என்றார் ஹியூபேட்.

“நல்லாக் கூட்டினவர் எண்டு போடட்டோ?” என்றாள் ஐறீன்.

“சமாதானமா ‘ஊழியர்’ எண்டு போடுவம். எல்லாருக்கும் பொருந்தும்” என்றார் போதகர்.

“பஸ் கொண்டக்டருக்கும் பொருந்தும், பாஸ்ரர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பதினொரு மாதம் தும்மித் தும்மிப் புரட்டியது, ஒரு சம்பந்தியின் முகத்துக்காகவா? “அந்தப் பக்கம் இல்லையெண்டால் என்ர பேரையும் எடுத்துவிடுங்கோ. ஆனா ஒருக்கால் கேட்டிட்டு எடுங்கோ” என்று ஐறீன் தான் எழுதிய தாளை எடுத்து உரக்க வாசித்தாள். “துறைமுகத்துக்குத் தனியாக வந்து சேர்ந்த, சொந்தம் என்று சொல்ல ஒருவருமே இல்லாத அந்த ஏழைகளுக்காக...”

“மிஸ், அது அப்படி இல்லீங்க.”

சீனியம்மா மேசையில் இருந்த பழைய பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

“இந்தப் பதினேழாவது பேரு எங்க அப்பாயி. அப்பாவோட அம்மா. சொந்தம் இல்லாம இல்லீங்க, அண்ணன்மாரு ரெண்டு பேரும் வாசல்லதான் நின்னாங்க. ஞானஸ்நானம் எடுக்காதவங்க ஞானத்தகப்பனா நிக்க முடியாதுன்னுட்டாங்க. எடுத்தவங்க உள்ளுக்கு பெஞ்சு பெஞ்சா உக்காந்திருந்தாங்க. ஒரு கூலிக்காரிக்காக ஒருத்தரும் எந்திரிக்கல. மணிக்கயித்த விட்டுட்டு வந்தது அவரு மட்டும்தான்.”