கோப்பைகளுக்கு நடுவே இருந்த ரவுட்டர்

அப்பாவின் கருமக்கிரியையைக் மலேசியாவின் கிள்ளானில், தாமான் குடியிருப்பிலுள்ள எங்கள் வீட்டிலேயே வைத்தோம். மழைக்கு அஞ்சி, சமையலறையைத் தாண்டிய பின்கூடத்தில் ஏற்பாடு. பெர்த்தில் இருக்கும் அக்காவுக்கு நிறைமாதம். விமானம் ஏற முடியாது. இறுதிச் சடங்கையும் அவள் காணவில்லை. இதையாவது கைப்பேசியில் முழுமையாகக் காட்டிவிட வேண்டும் என்றார் அம்மா. ஆனால் எங்கள் வைஃபை சமையலறைக் கதவோடு நின்றுவிடும். முதல்நாள் மாலை பின்கூடத்திலிருந்து அழைத்துப் பார்த்தேன். அக்காவின் குரல் துண்டு துண்டாக வந்து அறுந்தது.

ரவுட்டர் முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியில், சொற்போர்களில் நான் வென்ற கோப்பைகளுக்கு நடுவே இருந்தது. வைத்தவர் அப்பா. அதன் விளக்குகள் மினுங்கினால் கோப்பைகளுக்கு அழகு என்பது அவர் வாதம். வீட்டில் நான் மறுத்துப் பேசாத வாதம் அது ஒன்றுதான்.

நான் அலமாரியிடம் போவதற்குள், சடங்குக்கு வந்திருந்த மாமா மூன்று ஆண்டெனாக்களையும் சாய்த்து, நுனிகளைச் சமையலறைப் பக்கம் நீட்டியிருந்தார்.

“மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேக்குற குரல் உனக்கு. உன் பெட்டிக்கு அடுப்படியத் தாண்ட முடியல லா.”

“நுனியில இருந்து பெருசா ஒண்ணும் வராது மாமா. குச்சியோட பக்கவாட்டுலதான் பரவும். நிமிர்த்தி வைக்கணும்.”

“சரிங்க, நடுவர் அவர்களே!”

சுற்றி நின்ற உலோகக் கோப்பைகளும் அலைகளை மறித்தன. ரவுட்டரை வெளியே எடுத்து அலமாரியின் உச்சியில் வைத்தேன். ஆண்டெனாக்களைச் செங்குத்தாக நிறுத்தினேன். பின்கூடத்தில் கைப்பேசி தடையின்றி இயங்கியது. மகிழ்ச்சி வரவில்லை; துயரமும் வரவில்லை. அந்நாள்களில் வேலை ஒன்றைக் கொடுத்தால் கை செய்யும், அவ்வளவுதான்.

மறுநாள் சடங்கு முழுவதையும் அக்கா பார்த்தாள். அப்பாவின் படத்துக்குக் கற்பூரம் காட்டியபோது அவள் வாய்விட்டு அழுதது கூடம் முழுக்கக் கேட்டது. எல்லாரும் சாப்பிடப் போனார்கள். “அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசு” என்று அம்மா கைப்பேசியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

எந்த அவையிலும் தொடக்க வாக்கியத்துக்குத் திணறாதவன் நான். அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

“தம்பி, லைன் போயிடுச்சா?”

“இல்லக்கா. நல்லா இருக்கு.”

அவள் மூச்சுவாங்குவது தெளிவாகக் கேட்டது.

“ஒண்ணும் சொல்ல வேணாம்டா. போன மட்டும் வெச்சிராத.”

வைக்கவில்லை. வலக்கை வலித்தபோது இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன்.