சுத்தக் காட்டன்

குயிலாப்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். தொட்டுக்கூடப் பார்க்காமல் துணி வாங்கும் ஜனங்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பளபளப்பாக இருந்தால் போதும், பாலியஸ்டரைப் பட்டு மாதிரி தூக்கிக்கொண்டு போவார்கள். மார்கழியில் ஊர் சுற்ற வந்து நடுங்குகிறவர்களிடம், "தடிப்பா சுத்தக் காட்டன் எடுங்க, மத்ததெல்லாம் பிளாஸ்டிக்" என்பேன். என்னவோ பருத்தியை நானே விளைவித்த மாதிரி.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். தை மாதம் பாத்தி மிதிக்கும் வேலை, அதாவது உப்பு விளையும் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்குவது. விடியற்காலைப் பனியில், வாடைக்காற்றில், சேற்றில் நிற்க வேண்டும். அவருக்கு இழுப்பு உண்டு. இன்னொரு தடவை நெஞ்சில் சளி கட்டினால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பாவோடு பாத்தி மிதிக்கும் அக்கா வீட்டுக்கே வந்து சொன்னார்: "அப்பாவுக்கு ஒரு பாலிஸ்டர் ஜெர்கின் வாங்கிக் குடும்மா. அது தண்ணி குடிக்காது." சந்தையில் குவியலிலிருந்து துணி பொறுக்குகிறவர் எனக்குப் பாடம் நடத்த வந்துவிட்டார் என்று சிரித்தேன். எங்கள் கடையிலேயே தடித்த காட்டன் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அளத்தில் நல்ல தண்ணீர் ஏது? சேறு பட்ட சட்டையை அப்பா வாய்க்காலின் உப்புத் தண்ணீரில் அலசிக் கொட்டகையில் காயப்போட்டார். உப்பு ஏறிய காட்டன் பகலில் காய்ந்ததுபோல் இருக்கும். விடியலில் பனியை இழுத்து மறுபடி ஈரமாகிவிடும். உப்பு ஜாடி மழைநாளில் கசிவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இது என் மண்டையில் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் மூச்சு முட்டி, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா சொல்லித்தான் மீதி தெரிந்தது.

"கழட்டிப் போடுன்னு எல்லாரும் சொன்னோம். 'எம் பொண்ணு துணிக்கடையில இருக்குது, அதுக்குத் தெரியாதா'ன்னு ஈரத்தோடவே மாட்டிக்கினு நின்னாரு."

எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றே அந்த அக்காவைக் கூட்டிப்போய் அவர் காட்டிய ஜெர்கினை வாங்கினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய காலையில் காற்று ஊசியாகக் குத்தியது. ஜெர்கினை நீட்டினேன். அப்பா கை நுழைக்கப் போனவர் நிறுத்தினார்.

"நீ பாத்து எடுத்ததா?"

"இல்லப்பா. அந்த அக்கா எடுத்துக் குடுத்தது."

அதைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்: "அதுக்குத் துணியப் பத்தி இன்னா தெரியும்?"