குடியேறின்னா யாரு?

என் எழுத்து கோணல்மாணலாத்தான் இருக்கும், மன்னிச்சுக்கணும். படிச்சது அஞ்சாங்கிளாஸ். மறதியும் ஜாஸ்தி. போன வாரம் சொன்னதையே திரும்பச் சொன்னாலும் சொல்லுவேன்...

இந்த வாரம் ஒரு தப்பைப் பத்தி எழுதறேன். என் தப்புதான்.

நான் தி.நகர்ல ஒரு தையல் கடையில ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிறவள்னு இந்தப் பத்திரிகையை வழக்கமா படிக்கிறவங்களுக்குத் தெரியும். கடையில டிவி உண்டு. சத்தம் வைக்க மாட்டாங்க — நாலு மெஷின் ஓடறப்ப என்னத்தைக் கேக்கறது? கீழே ஓடற எழுத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நான் முடிக்கறதுக்குள்ள அது ஓடிப் போயிடும்.

ஒரு மாசம் முன்னாடி அப்படி ஓடினதுல எனக்கு மாட்டினது இவ்வளவுதான். அமெரிக்கா... ஐரோப்பா... குடியேறிகளால் நாடு அழியும்... வெளியேற்ற வேண்டும்...

வீடு மாத்தினா 'குடி போனோம்'னு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். அன்னைக்கு அது ஞாபகம் வரல. குடி ஏறினவன்னு படிச்சேன். குடி தலைக்கு ஏறினவன்!

ஏன் அப்படித் தோணிச்சு? சொல்றேன். கொஞ்சம் பொறுங்க.

மாஸ்டர் செல்வராஜ் தின்னவேலிக்காரர். கத்தரிக்கோலை நிறுத்திட்டு, "கரெக்டாத்தாம்ல சொல்லுதான் அமெரிக்காக்காரன்! நம்மூருக்கும் இப்படி ஒருத்தன் வரணும்"னார். அளவு ஜாக்கெட் கொடுக்க வந்த மயிலாப்பூர் மாமியும் தலையை ஆட்டினாங்க. "அவா ஊரை அவா சுத்தம் பண்ணிக்கறா. இதுல என்ன தப்பு?" மாமியோட பொண்ணு அமெரிக்காவுல இருக்கு. அங்கயே தங்கறதுக்குக் கார்டு வந்துடுச்சுன்னு போன வருஷம் எங்களுக்கெல்லாம் பால்கோவா கொடுத்தாங்க.

மாஸ்டர் ரஃபீக் பாய் பக்கம் திரும்பினார். பாய் வங்காளத்துக்காரர். பன்னெண்டு வருஷமா எங்க கடையில ஜாக்கெட்டுல பூ போடற ஆரி வேலை பண்றவர்.

"என்ன பாய், பொட்டியக் கட்டுதியா?"

"கட்டிடலாம் மாஸ்டர். இந்தக் கல்யாண ஜாக்கெட்டை யார் முடிப்பாங்க... அமெரிக்காக்காரனா?"

எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள குழப்பம். பீடி கூடத் தொடாத மனுஷன், இவரை ஏன் குடிகாரங்களோட சேர்க்கறாங்க? கேக்கக் கூச்சம். கேக்கல.

அந்த ஞாயித்துக்கிழமை என் பையன் குமார் பேசினான். ஜெர்மனியில ஒரு மெஷின் கம்பெனியில வேலை. வாரத்துக்கு எனக்கு அந்த ஒரு போன்தான். தலை வாரி, பவுடர் போட்டு, போனை டம்ளர்ல சாய்ச்சு வெச்சுட்டு முன்னாடியே உக்காந்துடுவேன்.

"டிவி பார்த்தியாம்மா? எங்க ஊர்ப் பேச்சு அங்கயும் அடிபடுதா?"

"அடிபடுதே! அமெரிக்காக்காரன் சொல்றது ரொம்ப சரிப்பா. அவனுங்களையெல்லாம் கழுத்தைப் புடிச்சு வெளியே தள்ளணும். ஒருத்தன் இருந்தாப் போதும், தெருவே நாறிடும்."

"நீயுமாம்மா?"

"நானுந்தான்! கூட இருந்து பட்டவளுக்குத்தானே தெரியும்?"

"சரிம்மா... வேலை இருக்கு."

கட் பண்ணிட்டான்.

அடுத்த ஞாயிறு போன் வரல. அதுக்கடுத்ததும் வரல. கட்டைவிரல் படம் ஒண்ணு மட்டும் அனுப்பினான். நல்லா இருக்கேன்னு அர்த்தமா, ஆளை விடுன்னு அர்த்தமா? போட்ட பவுடரோட சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். மாடிவீட்ல மிக்ஸி ஓடிச்சு. அப்புறம் அதுவும் நின்னுடுச்சு. ஒரு ஆளுக்கு என்னத்தை வடிக்கறதுன்னு மோரைக் குடிச்சுட்டு எழுந்தேன்.

மூணாவது ஞாயிறும் அப்படியே போச்சு. மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பாய்கிட்ட போய் நின்னேன்.

"பாய்... குடிகாரனை விரட்டணும்னு சொன்னா என் பையனுக்கு ஏன் கோவம் வருது? அவனும் குடிக்கறானோ?"

மூணு வாரமா என்னைத் தின்ன பயம் அதுதான்.

"யாரும்மா குடிகாரன்?"

"அதான், டிவியில போட்டானே... குடியேறி."

பாய் சிரிக்கல. டிபன் பாக்ஸை மூடினார்.

"குடியேறின்னா குடிகாரன் இல்லம்மா. பொழைக்க வந்த ஆளு. நான்தான். உங்க பையனும்தான்."

அப்புறம் பொறுமையா சொன்னார். வெளியாளுங்களை உள்ளே விட்டா உங்க நாடு உங்க நாடா இருக்காதுன்னு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா புத்தி சொல்லுதாம். 'எங்க நாடு எங்களுக்கே'ன்னு அங்க கத்தற கட்சிங்களுக்குத் தட்டிக் கொடுக்குதாம். அமெரிக்காவுல இருக்கறவங்களே முக்காவாசி பாட்டன் பூட்டன் காலத்துல வெளியே இருந்து போனவங்கதானாம்!

நம்ம பஸ்ல பார்த்ததில்லையா? படியில தொங்கறப்ப 'உள்ளே போங்க, உள்ளே போங்க'ன்னு கத்தறவர், உள்ளே போய்க் கம்பியைப் புடிச்சதும் 'இன்னும் எங்க ஏத்தறீங்க?'ன்னு கண்டக்டரைத் திட்டுவார். தின்னவேலியில இருந்து வந்த மாஸ்டர், அமெரிக்காவுல பொண்ணை வெச்சிருக்கிற மாமி, ஜெர்மனியில பையனை வெச்சிருக்கிற நான்... மூணு பேருமா சேர்ந்து தலையாட்டியிருக்கோம்.

அதுக்கு முந்தின மாசம்தான் குமார் சொன்னான், ட்ராம்ல ஒருத்தன் 'உன் ஊருக்குப் போ'ன்னு சொன்னானாம். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்பிட்டியா?"ன்னு. அவ்வளவுதான். அவனுக்குன்னு இருக்கற ஒரே ஆள் நானும் அதையே சொன்னா அவன் யார்கிட்ட போவான்?

உடனே போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. பண்ணிச் சொல்லணும்னா ஏன் அப்படிப் படிச்சேன்னும் சொல்லணுமே!

என் வீட்டுக்காரர் நல்ல தச்சர். குடி ஏறினா வேற ஆளு. மந்தைவெளியில ஏழு வீடு மாறினோம். அவர் குடியாலதான் நாங்க குடி மாறிக்கிட்டே இருந்தோம். பையன் கண்ணுல படக் கூடாதுன்னு அவனை ஹாஸ்டல்ல போட்டேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் குமார்கிட்ட அந்தப் பேச்சை எடுத்ததில்ல. அப்பா போட்டோவை ஜெர்மனிக்கு எடுத்துட்டுப் போயிருக்கான்... எப்படிச் சொல்றது?

போனை எடுப்பேன், வெச்சுடுவேன். இந்தப் பத்தியை அவன் செல்லுல படிப்பான். அதான் எழுதறேன்.

குமாரு... உன்னைச் சொல்லலப்பா. உங்கப்பாவைச் சொன்னேன்.

பத்திரிகை ஆபீஸ்ல இதை டைப் அடிக்கிறவங்க, நான் எழுதின எழுத்தெல்லாம் சரியான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. இன்னொண்ணும் பார்த்துச் சொல்லணும். இங்க மத்தியானம் ரெண்டு மணின்னா அங்க காலையில ஒன்பதரையா, பத்தரையா? குளிர் வந்தா அங்க மணியையே மாத்தி வெப்பாங்களாமே. இத்தனை வருஷமா அவன்தான் கூப்பிடுவான், எனக்குத் தெரிய வேண்டி வரல. இந்த ஞாயிறு நான் கூப்பிடப் போறேன்.