மஞ்சள் பட்ட கடதாசி

எனக்கு ஒழுங்காக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இடையில் மறந்தும் போகும், பொறுத்து வாசியுங்கள். என் அலுமாரிக்கு மேலே தடித்த கடதாசி ஒன்று சுருட்டிக் கிடக்கிறது. வெள்ளையாக இருந்தது, இப்போது பாதி மஞ்சள். விரித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மூலையில் மட்டும் விரல் வைத்தால் நீளமாக ஒரு தடிப்புத் தட்டுப்படும். அதற்காகத்தான் எறியாமல் வைத்திருக்கிறேன். என் தம்பியின் கடதாசி அது.

தம்பி வெளிநாட்டில் பழைய மொழிகள் படிப்பித்தவன். துருக்கியின் தென்கரையில் முன்னொரு காலத்தில் லிசியா என்று ஒரு நாடு இருந்ததாம். அந்தச் சனத்தின் மொழிதான் அவனுடைய சீவியம். இன்றைக்கு அதைக் கதைக்க உலகத்தில் ஒருவருமில்லை. கலியாணமும் செய்யாமல், வேலை முடிந்து, நெஞ்சு வருத்தத்தோடு திருகோணமலைக்கு வந்து என் வாடகை வீட்டில் தங்கினான். சீனன்குடாப் பக்கம் அப்பா கட்டின வீட்டில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று நினைத்து வந்தவன். அந்தக் காணி, சண்டைக் காலத்திலேயே படைமுகாம் வேலிக்குள் போய்விட்டது என்று நான் போனில் எத்தனையோ தரம் சொல்லியும் அவன் மனம் ஏற்கவில்லை.

நான் குசினியில் தேங்காய் துருவும்போது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கதைப்பான். ஒருநாள் ஒரு படம் காட்டினான். மலைப்பாறையின் முகத்தில் வாசல், நிலை, வளைமரம் எல்லாம் வெட்டியிருந்தது. “வடிவான வீடு” என்றேன். “வீடில்லை அக்கா, கல்லறை. அவையள் இருந்த வீடெல்லாம் மரம். உக்கியும் எரிஞ்சும் போச்சு. அதே மாதிரிக் கல்லில வெட்டினது மட்டும் நிக்குது” என்றான். அநேகமான கல்லறைகளில் ஒரு வினைச்சொல் திரும்பத் திரும்ப வருமாம். பிரண்ணவத்தெ என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. ‘பிரண்ணவ’ என்றால் கட்டடம். அதன் வாலில் ‘தெ’ சேர்த்தால் ‘கட்டினான்’ என்று ஆகிவிடும். செய்து முடிந்த காரியம் என்று அர்த்தம். அயல்நாட்டுப் பழைய மொழியில் ‘பர்ன’ என்றால் வீடாம். அந்த வேரிலிருந்துதான் இதெல்லாம் முளைத்தது என்றான். இன்னார் இதைத் தன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் கட்டினான் என்று எழுதி வைப்பார்களாம்.

“அவையின்ர சொல்லுக்குள்ள வீடு இருக்கு அக்கா. நாங்கள் எல்லாத்தையும்தான் கட்டுறம், வேலி, தாலி, மூட்டை.”

“நான் கட்டினதெல்லாம் மூட்டைதான்” என்றேன்.

வேலிக்குள்ளே எங்கள் பிள்ளையார் கோவில் இருக்கிறது. வருடத்தில் ஒருநாள், பெயர் கொடுத்தவர்களை பஸ்ஸில் ஏற்றிப்போய்ப் பொங்க விடுவார்கள். பின்னேரத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். அந்த முறை தம்பி பொங்கல் சாமான் கூடைக்குள் கடதாசியும் பெரிய தூரிகையும் வைத்தான். கல்லெழுத்தைப் பதிவெடுக்க அவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். கடதாசியை நனைத்துக் கல்லில் விரித்து, தூரிகையால் குத்திக் குத்தி இறக்குவது. காய்ந்தபின் உரித்தால் கல்லின் மேடு பள்ளம் அப்படியே நிற்கும். காயாமல் உரித்தால் போச்சு.

கோவிலுக்குப் பின்னால் எங்கள் காணிக்குப் போனால், வீடு இருக்கவில்லை. சுவரும் இல்லை. புல்லுக்குள் வாசல் படிக்கல் மட்டும் கிடந்தது. ஓரத்தில் அம்மா மீன் வெட்டக் கத்தி தீட்டின பள்ளம், நடுவில் எங்கள் எல்லோர் காலும் தேய்த்த குழி. தம்பி முழங்காலில் இருந்து அந்தக் குழியைக் கையால் தடவினான். “எனக்கு இது காணும் அக்கா. இதைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு நேர மாட்டினாக் காணும்” என்றான்.

அவன் கடதாசியை நனைத்து விரித்துக் குத்திக்கொண்டிருக்க, எங்களோடு பொங்க வந்த, அந்தக் காலம் முன்வீட்டில் இருந்த மச்சாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “என்ன அத்தான், படிக்கல்லுக்குச் சட்டை தைக்கிறியளோ?”

“ஓம் மச்சாள், அளவு எடுக்கிறன்.”

“எனக்கு ஒருநாளும் அளவெடுக்கேல்லையே!”

வெயில் நல்லாக எறித்தது. கடதாசி ஓரத்திலிருந்து காயத் தொடங்கியதும், மூச்சு வாங்குகிறது என்று அவனை வேம்படிக்குக் கூட்டிப்போய்க் குளிசை கொடுத்தேன். திரும்பி வந்தபோது மச்சாள் வெறுஞ்செம்போடு நின்றாள். பொங்கல் நாளில் வாசற்படி வறண்டு கிடக்கக்கூடாது என்று, கோவிலில் இருந்த மஞ்சள் தண்ணீரைப் படியின் நடுவில் ஊற்றிக் குங்குமமும் வைத்திருந்தாள். பாசத்தில் செய்தது. நனைத்த கடதாசிதானே, இன்னும் கொஞ்சம் நனைந்தால் என்ன என்று நினைத்திருப்பாள். குழி நிறைய மஞ்சள் தண்ணீர் நின்றது. கடதாசி ஊறிக் களியாகிக் கிடந்தது.

“மாமி தினம் தெளிச்ச படியெல்லோ…” என்று தொடங்கினவள், தம்பியின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள்.

நான் கடதாசியை முன்தானையால் விசிறினேன். பஸ் ஹோர்ன் அடித்தது. ஒருவரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்காத நான், நடந்துபோய் முகாம் வாசலில் காவலுக்கு நின்றவரிடம் கையைக் கூப்பி, கொஞ்ச நேரம் என்று கேட்டேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த நேரமும் போய்விட்டது. தம்பி ஈரத்தோடு உரித்தான். நடுப்பகுதி பிய்ந்து தொங்கியது. “விடுங்கோ மச்சாள். கடைசியா ஒருத்தர் மஞ்சள் தெளிச்சிட்டியள். வேற ஆர் தெளிக்கிறது” என்றான். பஸ்ஸில் வீடு வரும்வரை மச்சாள் அழுதாள்.

கடதாசியை உடுப்புக் கொடியில் காயப்போட்டேன். தண்ணீர் படாத மூலையில் அம்மாவின் கத்திப் பள்ளம் மட்டும் தப்பியிருந்தது. குழி தட்டையாகிவிட்டது. அவன் அதை மாட்டவில்லை. அடுத்த முறை என்றும் சொல்லவில்லை. மொழிக் கதையும் அதோடு நின்றது. மறு பொங்கல் வருமுன் கண் மூடிவிட்டான். அதன் பிறகு பொங்கவும் விடவில்லை. சாம்பலைக் கடலில் கரைத்தோம். எங்கள் முறை அதுதானே. அவன் படித்த சனத்துக்கு வீடு அழிந்தாலும் கல்லறை நின்றது, அதில் ஒரு சொல்லும் நின்றது. என் தம்பியின் பெயரை எழுத ஒரு கல்லும் இல்லை. யாருக்குக் கட்டினான் என்று எழுத யாரும் இல்லை. அவனுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு இந்தக் கடதாசியை யாரோ குப்பை என்று கூட்டி எறிவார்கள்.

அந்தச் சொல்லில் நான் பிழை விட்டிருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். சீனன்குடாவில் உள்ளே வேலைக்குப் போகிறவர்கள் யாராவது இதை வாசித்தால், பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால், வேம்புக்குக் கிட்ட, ஓரத்தில் கத்தி தீட்டின கறுத்த கல் இன்னும் கிடக்கிறதா என்று ஒருதரம் பார்த்துச் சொல்லுங்கள். நடுக்குழி எவ்வளவு ஆழம் என்று கை வைத்தும் பாருங்கள். கடதாசியில் அது இல்லை. எனக்கும் மறந்துகொண்டு வருகிறது.